விதிவிலக்கு என்று யாரைப் பாராட்டுகிறீர்கள்?

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமையாகத் தயங்கினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள் மேசையில் காலம் கழித்தவன், எழுபதைத் தாண்டிய பின் கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புறப்பட்டால், 'இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா?' என்று நீண்டகால வாசகர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் எழுத வந்தது மனிதரை வகை பிரித்துப் பெயர் சூட்டும் ஒரு பழக்கத்தைப் பற்றி. அந்தப் பழக்கத்தின் விலை என்னவென்று நான் கற்றுக்கொண்டது நெளுக்குளத்தில். அதே பழக்கம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பதைச் சென்ற மாதம் கண்டதும் நெளுக்குளத்தில்தான்.

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் குருமன்காட்டையும் வேப்பங்குளத்தையும் கடந்தால் நெளுக்குளம் வரும். என் தங்கையின் மகள் அங்கே இருக்கிறாள். அவள் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகன் பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மாலை வேளைகளில் அவனும் அவனுடைய நண்பன் ஒருவனும் விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு விளையாடுவார்கள். அதைவிட அதிக நேரம் விளையாட்டில் வரும் மனிதர்களைப் பற்றி வாதாடுவார்கள். நான் சாய்மனைக் கதிரையில் படுத்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிருபர் தொழில் கற்றுத் தந்த கெட்ட பழக்கங்களுள் இதுவும் ஒன்று.

மூன்றாம் நாள் பேரன் என்னிடம் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து தந்தான். மாணவர் சஞ்சிகை ஒன்றுக்காக எழுதியதாம். யதார்த்தமாகப் படைக்கப்பட்ட விளையாட்டுப் பாத்திரங்கள் எந்தெந்த ஆளுமை வகையைச் சேர்ந்தவர்கள், அந்த வகைக்குரியதாக ஊர் நம்பும் வார்ப்பை அவர்கள் எப்படி மீறுகிறார்கள் என்பது பொருள்.

"தாத்தா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்கோ" என்றான்.

எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய உதவி ஆசிரியர் எவரையும் என் வாழ்நாளில் நான் சந்தித்ததில்லை.

இந்த ஆளுமை வகை விவகாரம் தெரியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். மனிதரை நான்கு கேள்விகளால் பிரிக்கிறார்கள். நீ அகமுகியா, புறமுகியா? புலன்களை நம்புகிறாயா, உள்ளுணர்வை நம்புகிறாயா? சிந்தித்து முடிவெடுக்கிறாயா, உணர்ந்து முடிவெடுக்கிறாயா? ஒழுங்காகத் தீர்மானித்து வாழ்கிறாயா, வருவது வரட்டும் என்று திறந்து வைத்திருக்கிறாயா? நான்கு விடைகளுக்கு நான்கு ஆங்கில எழுத்துகள். ஆகப் பதினாறு பெட்டிகள். உலகத்தின் கோடானுகோடி மக்களும் இந்தப் பதினாறுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஐ.என்.எஃப்.பி. என்றால் கனவு காணும் அகமுகி, ஈ.எஸ்.டி.ஜே. என்றால் கட்டளையிடும் நிர்வாகி, இப்படியே போகும். இன்றைய இளைஞர்கள் தம் பெயருக்கு அடுத்தபடியாக இந்த எழுத்துகளைத்தான் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்கள். நம் காலத்தில் நட்சத்திரமும் இராசியும் சொன்ன இடத்தில் இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதன் பிறப்புக் கதையும் சுவையானது. சுவிற்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் உளவியல் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதை வாசித்துப் பரவசப்பட்ட அமெரிக்கத் தாய் ஒருவரும் அவருடைய மகளும், கதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் ஆகிய இருவர், அதை வினாத்தாளாக மாற்றினார்கள். இருவரும் உளவியல் பயின்றவர்கள் அல்லர். இசபெல் அதற்கு முன் செய்த காரியம் என்ன தெரியுமா? துப்பறியும் நாவல் எழுதிப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கியது. கொலைக்கதைப் பாத்திரங்களைப் படைத்த கைதான் பின்னாளில் உயிருள்ள மனிதருக்கும் பாத்திரம் பிரித்துக் கொடுத்தது. 1962இல் வினாத்தாள் அச்சேறியது. யுங்கோ, முழு அகமுகி, முழு புறமுகி என்று ஒருவரும் கிடையாது, அப்படி ஒருவர் இருந்தால் அவர் இருக்கவேண்டிய இடம் மனநோய் விடுதிதான் என்ற பொருள்படப் பிற்காலத்தில் சொல்லிவிட்டுப் போனார். மூலவர் சொன்னதை உற்சவர்கள் கேட்கவில்லை.

பேரனின் கட்டுரைக்கு வருகிறேன். அவனுடைய முதன்மைச் சான்று ஆர்தர் மோர்கன். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்று 2018இல் வெளிவந்த விளையாட்டின் நாயகன். 1899ஆம் ஆண்டு அமெரிக்கா. கொள்ளைக் கூட்டம் ஒன்றின் அடியாள். கடன் வசூலிப்பான், வங்கி உடைப்பான், முகத்தில் குத்துவான். இரவில் கூடாரத்துக்குத் திரும்பியதும் நாட்குறிப்பு எழுதுவான். வழியில் கண்ட பறவையையும் மலையையும் பென்சிலால் வரைவான். எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரையின் ஓரத்தில் அவன் வரைந்த படங்களைப் பேரன் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டியபோது, கதாசிரியர் எவரோ இவனை உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது தெரிந்தது.

கட்டுரை என்ன சொல்கிறது? ஆர்தர் இன்ன வகை. அந்த வகை முரட்டுச் செயல்வீரர் வகை. ஆனாலும் அவன் நாட்குறிப்பு எழுதுகிறான். ஆனாலும் படம் வரைகிறான். ஆனாலும் அழுகிறான். ஆகவே வகையின் வார்ப்பை மீறும் அற்புதமான பாத்திரம். 'ஆனாலும்' என்ற சொல்லைக் கட்டுரை முழுவதும் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு இடங்கள்.

கவனியுங்கள். அவன் துப்பாக்கி எடுத்தால் வகை சொன்னது பலித்தது. பென்சில் எடுத்தால் வகையை மீறிவிட்டான், பாராட்டு. இரண்டு பக்கத்திலும் வகைக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. எங்கள் ஊர்ச் சோதிடர் ஒருவர் இதே கணக்கைத்தான் வைத்திருந்தார்: சொன்னது நடந்தால் கிரக பலன், நடக்காவிட்டால் பரிகார பலன்.

சோதிடம் என்றதும் ஒரு பழைய பாவத்தைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். நான் உதவி ஆசிரியனாக இருந்த பத்திரிகை ஒன்றில் வார பலன் எழுதும் பெரியவர் அடிக்கடி காய்ச்சலில் விழுவார். பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். சென்ற ஆண்டுக் கோப்பை எடுத்து மேடத்துக்குப் போட்டதைத் துலாத்துக்கும் துலாத்துக்குப் போட்டதை மீனத்துக்கும் மாற்றிப் போடுவது என் வேலை. ஒரு வாசகர்கூடக் குறை சொல்லவில்லை. 'இந்த வாரம் அப்படியே பலித்தது' என்று அஞ்சலட்டை எழுதியவர்கள் உண்டு. 1948இல் அமெரிக்காவில் போரர் என்ற உளவியல் ஆசிரியர் இதையே ஆய்வாகச் செய்தார். தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு முடிவறிக்கை தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் உண்மையை உடைத்தார். எல்லோருக்கும் ஒரே அறிக்கை. வாக்கியங்கள் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை. நானும் ஒரு போரர்தான், சம்பளம் குறைந்த போரர்.

பேரன் விடவில்லை. புத்திசாலி. இந்த வகையியலில் ஆழ்ந்தவர்கள் சொல்லும் வலுவான வாதத்தை எடுத்து வைத்தான். வகை என்பது ஒருவன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்வதன்று, அவன் மனம் எந்த வழியில் இயங்குகிறது என்பதைச் சொல்வது. படம் வரைவதும் வரையாததும் வெளிச்செயல். வெளிச்செயலை வைத்து வகையைத் தீர்மானிப்பதுதான் ஊரார் செய்யும் தவறு. தன் கட்டுரை அந்தத் தவறைத்தான் கண்டிக்கிறது. இதுதான் அவன் வாதம்.

கேட்க அழகாக இருக்கிறது. அப்படியானால் எந்தச் செயலும் வகைக்குச் சாட்சி சொல்ல முடியாது, எந்தச் செயலும் எதிர்ச்சாட்சியும் சொல்ல முடியாது. சாட்சியே ஏற்காத வழக்கில் தீர்ப்பு மட்டும் எங்கிருந்து வந்தது? உயிருள்ள மனிதனுக்காவது உள்ளே ஏதோ ஓடுகிறது, நமக்குத் தெரியாது என்று சொல்லலாம். எழுதப்பட்ட பாத்திரத்துக்கு எழுதியதற்கு அப்பால் உள்ளே என்ன இருக்கிறது? ஆர்தர் மோர்கனின் மனம் என்பது அவன் சொன்னதும் செய்ததும் கிறுக்கியதும்தான். அதை வெளிச்செயல் என்று தள்ளிவிட்டால் மிஞ்சுவது வெறும் தொப்பி.

இதைவிட வேடிக்கையான ஒன்று அந்த விறாந்தையிலேயே நடந்தது. அந்த விளையாட்டில் ஆர்தரின் நன்னடத்தைக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஆடுபவன் செய்வதற்கேற்ப அது ஏறும், இறங்கும். என் பேரனின் ஆர்தர் வழியில் பாம்பு கடித்துக் கிடப்பவனுக்கு மருந்து கொடுப்பான். நண்பனின் ஆர்தர் அவனுடைய பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவான். இரண்டு ஆர்தர்களுக்கும் கதையின் முடிவுக் காட்சிகூட ஒன்றில்லை. இந்த இரண்டு பேரும்தான் 'ஆர்தர் என்ன வகை' என்று மூன்று மாலைகளாகத் தொண்டை வறளச் சண்டை பிடித்தார்கள். எந்த ஆர்தர் என்று ஒருவனும் கேட்கவில்லை.

அந்தப் பாத்திரம் ஏன் உயிரோடு இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதற்கு விடை பதினாறு பெட்டிகளில் கிடைக்காது. ஒரு நோயாளியை அடித்துக் கடன் வசூலிக்கப் போகிறான். அவன் இருமிய இரத்தம் இவன் முகத்தில் தெறிக்கிறது. பல மாதங்கள் கழித்து இவனுக்குக் காசநோய் என்று மருத்துவர் சொல்கிறார். அதன் பிறகு இவன் அந்த விதவையைத் தேடிப் போகிறான். அவன் மாறியதற்குக் காரணம் ஒரு கடன், ஓர் இருமல், போவதற்கு முன் சிலவற்றைச் சரி செய்யவேண்டும் என்ற அவசரம். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1968இல் எழுதிய நூல் அத்துறையையே உலுக்கியது. மனிதரின் நடத்தையை முன்கூட்டிச் சொல்வதில் நிலையான குணங்களை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம், சூழ்நிலையைக் குறைத்து மதிக்கிறோம் என்பது அவர் வாதம். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நூல் தேவையில்லை.

அடுத்து அவன் எடுத்துக் காட்டியது 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டு. போலந்தில் 2014இல் செய்யப்பட்டது. சரயேவோ முற்றுகையை மனத்தில் வைத்து உருவாக்கியது. போர் விளையாட்டுதான், ஆனால் இதில் படைவீரனாக ஆட முடியாது. இடிந்த வீடொன்றில் ஒளிந்திருக்கும் சில பொதுமக்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 2020இல் போலந்து அரசு இதை மாணவர் பயன்படுத்தக்கூடிய பாட வளங்களுள் ஒன்றாகச் சேர்ப்பதாக அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரித் தகுதி கொடுத்திருக்கிறார்கள். புரூனோ நன்றாகச் சமைப்பான். பாவ்லே வேகமாக ஓடுவான். கத்யா பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. அவள் பத்திரிகையாளர் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தைக்குப் போனால் நான் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருபவன்.

அந்த ஒரு வரித் தகுதியை விளையாட்டைச் செய்தவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அடுப்பில் எவ்வளவு விறகு மிச்சமாகும் என்பதற்கு. பண்டமாற்றில் எத்தனை பொதி கூடக் கிடைக்கும் என்பதற்கு. வயோதிபத் தம்பதியின் வீட்டுக்குள் இரவில் புகுந்து அவர்களுடைய மருந்தையும் உணவையும் திருடிக்கொண்டு வந்த பிறகு அவன் மறுநாள் எழுந்து நடக்கிறானா, மூலையில் குந்திவிடுகிறானா என்பதை அந்தத் தகுதி முடிவு செய்வதில்லை. அதை அந்த இரவு முடிவு செய்கிறது.

என் மருமகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து இந்தப் பையனைச் சிறு பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள் அவள். நான் சற்றுச் சங்கடப்பட்டேன். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"தண்ணிக்கு என்ன செய்யினம்?"

மழைநீர் பிடிக்கும் பீப்பாய் இருக்கிறது, வடிகட்டி போடவேண்டும் என்று பையன் காட்டினான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் எந்த வகை என்று கேட்டால் பதினாறில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து மாதங்களில் அவள் எத்தனை பேராக இருந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

பேரனின் பட்டியலில் நம்மவர் ஒருத்தியும் இருந்தாள். 'வெண்பா'. ரொறன்ரோவில் இருக்கும் தமிழ் இளைஞர் ஒருவரின் குழு உருவாக்கி 2023இல் வெளியிட்ட விளையாட்டு. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசைப் பெற்றது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த பெண். கணவன் பாவலன், மகன் கவின். தாய் விட்டுச் சென்ற, எழுத்து அழிந்த சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லியையும் மற்றதையும் நாம் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இவளை என்ன வகை என்று எழுதியிருக்கிறான்? பராமரிப்பாளர் வகை. தியாகத் தாய். ஆனாலும் கோபப்படுகிறாளாம். ஆனாலும் தனக்கென்று ஒரு முடிவு எடுக்கிறாளாம்.

தியாகத் தாய் என்ற பெட்டி யுங் போட்டதன்று, இசபெல் போட்டதுமன்று. நம் சினிமா போட்டது, எங்கள் பத்திரிகைகள் வாரந்தோறும் புதுப் பூட்டுப் போட்டன. சமைத்து வைத்துவிட்டு மகனுக்காகக் காத்திருக்கும் ஒருத்திக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது? எந்தத் தாயைப் பார்த்து இந்த வார்ப்பைச் செய்தார்கள்? வெண்பா எதையும் மீறவில்லை. கனடாவில் எந்தத் தமிழ் வீட்டுச் சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்த்தால் அவள் நிற்பாள்.

இந்த இடத்தில் தமிழ் படித்த நண்பர்கள் எழுந்து நிற்பார்கள் என்று தெரியும். 'ஐயா, வகை பிரித்ததில் நாம்தானே முன்னோடி? அகத்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதி செய்யவில்லையா? தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என்று எல்லோரும் வகைதானே?' நல்ல கேள்வி. அந்தத் தலைவி நெய்தலில் ஒருத்தி, பாலையில் ஒருத்தி. காலையில் இரங்குவாள், மாலையில் ஊடுவாள். 'தலைவி' என்ற சொல் அவளுடைய குணத்தைச் சொல்லவில்லை. யாரோடு, எந்த நிலையில் நின்று பேசுகிறாள் என்பதைச் சொல்கிறது. பெயரை எடுத்தது எவரும் அதற்குள் நுழையட்டும் என்பதற்காக. இந்த நான்கு எழுத்துகளோ ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்திருப்பதற்கு.

பெயர் உள்ள பாத்திரத்துக்கு வாருங்கள். கண்ணகி. புகாரில் கணவன் வேறொருத்தியிடம் போனபோது ஊரறிய ஒரு சொல் பேசாதவள். திரும்பி வந்தபோது சிலம்பைக் கொடுத்தவள். மதுரையில் அரசவை ஏறி அரசனை நிறுத்தி வழக்குரைத்தவள். இன்றைய கட்டுரையாளர் கையில் அகப்பட்டால், 'அகமுகி ஆனாலும் பொதுமேடையில் சிறப்பாகப் பேசினாள்' என்று எழுதுவார். வைகாசியில் வற்றாப்பளையில் பொங்கல் வைக்கத் திரளும் வன்னிச் சனத்தில் ஒருவருக்காவது இது விதிவிலக்காகப் பட்டதுண்டா? புருஷனைக் கொன்றார்கள், அவள் கேட்கப் போனாள். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?

இனி, விலையைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

வவுனியாவில் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து 2002 சமாதான காலம் வரை பாஸ் முறை இருந்தது. வயதான வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று பல வகை. ஒரே வீட்டில் தாய் ஒரு வகை, மகன் ஒரு வகை. கையில் இருக்கும் காகிதத்தின் வகைதான் ஆள். மறுபுறத்தில் இயக்கமும் சும்மா இருக்கவில்லை. தியாகி, துரோகி என்று அதனிடம் இரண்டே பெட்டிகள். இரண்டாவது பெட்டியில் போட்டவர்கள் திரும்பி வந்ததில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தபோது வவுனியா மாவட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைபட்டிருந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. பாடசாலைகளும் கல்லூரிகளும் முகாம்களாயின. நெளுக்குளத்துத் தொழில்நுட்பக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. வன்னியிலிருந்து வந்தவர்களிடம், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதிந்துவிடும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் களத்தில் நின்றவரும், இறுதி மாதங்களில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு இரண்டு கிழமை மண்வெட்டி பிடித்த பள்ளிப் பிள்ளையும் ஒரே வரிசை. பதினோராயிரத்துக்கும் அதிகமானோர் அந்த வரிசையில் புனர்வாழ்வு நிலையங்களுக்குப் போனார்கள். வெளியே வந்த பின்னும் வரிசை முடியவில்லை. 'முன்னாள்' என்ற முன்னொட்டு அவர்களோடு சம்பந்தம் பேசப் போன வீடுகளுக்கும் வேலை கேட்டுப் போன கடைகளுக்கும் கூடவே போனது.

அப்படி வெளியே வந்த பெண்கள் சிலரைச் சந்தித்து எழுதும் பணி எனக்கு வந்தது. அவர்களுள் ஒருவர் நெளுக்குளத்துக்கு அருகில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். நான் கேள்விகளைத் தயாராக எழுதி வைத்திருந்தேன், கடினமான ஒரு முகத்தை எதிர்பார்த்து. அவர் இரண்டு மணி நேரம் கோழி நோயைப் பற்றிப் பேசினார். குஞ்சுகளுக்கு எந்த வயதில் தடுப்பு மருந்து, கீரி வராமல் கூட்டை எப்படி அடைப்பது, முட்டையை எந்தக் கடைக்காரன் எடை குறைத்து வாங்குகிறான் என்றெல்லாம். நடுவில் ஒரு குஞ்சைக் கையில் எடுத்துத் தடவிக் கொடுத்தார். எனக்குக் கட்டுரையின் முதல் வரி கிடைத்துவிட்டது. போராளியாக இருந்தாலும் நம்பமுடியாத மென்மை கொண்டவர் என்று எழுதினேன். தலைப்பும் அந்தக் கருத்திலேயே. அலுவலகத்தில் பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பத்திரிகையைக் காட்டி, "வாசிச்சீங்களா?" என்று கேட்டேன். வாசித்திருந்தார்.

"நம்பமுடியாத எண்டு எழுதியிருக்கிறியள் ஐயா. உங்களுக்கு ஏன் நம்ப முடியேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நான் ஏதோ சமாளித்தேன். பிறகு அவரே சொன்னார். "என்னோட இருந்த பிள்ளையள் எல்லாரும் இப்பிடித்தான். என்னை மட்டும் நல்லவளாக்கிப்போட்டியள்."

ஒருவரை விதிவிலக்கு என்று பாராட்டும்போது விதியை மற்ற எல்லோர் மேலும் உறுதியாகக் கட்டிவிடுகிறோம் என்பது நாற்பது ஆண்டுத் தொழிலில் எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தராதது. கோழிப் பண்ணைக்காரப் பெண்ணிடம்தான் கற்றேன். அன்று முதல் 'இருந்தாலும்', 'ஆனாலும்' என்ற சொற்களைக் கண்டால் எனக்குக் கை நடுங்குகிறது.

ஒரு கொள்ளைக்காரனுக்கும் ஒரு கனடாத் தாய்க்கும் நான்கு எழுத்துப் போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கூச்சப்படும் பிள்ளை ஒன்று 'நான் இப்படித்தான், என்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள்' என்று ஆறுதல் அடைவதற்கு இந்த எழுத்துகள் உதவுகின்றன. அதை நான் மறுக்கவில்லை. இன்றைய உளவியலாளர் குணங்களை அளவே அளக்கக்கூடாது என்று சொல்லவுமில்லை. பெட்டிக்குப் பதில் அளவுகோல் வைக்கிறார்கள்; பெரும்பாலான மனிதர் அதில் நடுப்பகுதியில் வந்து நிற்கிறார்கள். பெட்டியோ நடுவில் நிற்பவனைக் கழுத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளுகிறது. சில கிழமைகள் கழித்து மீண்டும் அதே வினாத்தாளை நிரப்புவோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேறு எழுத்து வந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டியதும் இதனால்தான்.

ஆறாம் நாள் இரவு பேரனிடம், படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ஏதாவது அலுவலக வேலை என்றான். ஆசிரியராக வர ஆசைப்பட்டவன் அல்லவா நீ என்றேன். தொழில் வழிகாட்டல் வகுப்பு ஒன்றுக்குப் போனானாம். அங்கே இந்த வினாத்தாளைக் கொடுத்தார்களாம். விடையைப் பார்த்த பயிற்றுநர், உன் வகைக்கு ஆட்களோடு பேசும் வேலை ஒத்துவராது, மேசை வேலை பார் என்றாராம். இவனும் சரி என்று வந்துவிட்டான். இந்த வினாத்தாளை விற்கும் நிறுவனமே, ஆட்களை வேலைக்குத் தெரிவு செய்ய இதைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பயிற்றுநர் அதுவரை வாசிக்கவில்லை போலும்.

அதே பையன் திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் அந்த விறாந்தையில் அயல் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான். ரியூசன் காசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னம் விளங்காத ஒரு சிறுமிக்காக உள்ளே போய் ரொட்டியைக் கொண்டுவந்து பிய்த்துக் காட்டினான். அவள் அரைக்கால் பங்கைக் கேட்டு வாங்கித் தின்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நான் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இது என்ன?" என்று கேட்டேன், பிள்ளைகள் போன பிறகு.

"அது வேற தாத்தா. நான் என்ர வகையில ஒரு விதிவிலக்கு" என்றான், சற்றுப் பெருமையாகவே.

எனக்கு அந்தக் கோழிக்குஞ்சு ஞாபகம் வந்தது. கோழிப் பெண்ணின் கதையை அன்றிரவு அவனுக்கு முழுவதும் சொன்னேன். அவன் அம்மாவும் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியுமாம். இப்போது ஐந்நூறு கோழி வைத்திருக்கிறாளாம்.

மறுநாள் காலையில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பதினான்கு 'ஆனாலும்' மீதும் கோடு போட்டேன். முரடன் ஆனாலும் படம் வரைகிறான் என்பதை, அடிக்கிறான், படமும் வரைகிறான் என்று மாற்றினேன். தாய் ஆனாலும் கோபப்படுகிறாள் என்பதில் முதற்பாதியை வெட்டினேன். நான்கு எழுத்துகள் வந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டு, 'இதை எடுத்துவிட்டு வாசி, ஏதாவது குறைகிறதா பார்' என்று ஓரத்தில் குறிப்பெழுதினேன். கட்டுரை மூன்றில் இரண்டாகச் சுருங்கியது. ஆர்தரின் பென்சிலைப் பற்றி அவன் எழுதிய பந்தி மட்டும் தொடவேண்டியிருக்கவில்லை. அது உண்மையில் நன்றாக இருந்தது.

நான் புறப்பட்டு வந்து இரண்டு கிழமையாகிறது. முந்தாநாள் தொலைபேசியில் அழைத்தான். பதினொன்றை ஏற்றுக்கொள்கிறானாம், மூன்று 'ஆனாலும்' இருந்தே ஆகவேண்டுமாம், அந்த இடங்களில் நான் அவசரப்பட்டு வெட்டிவிட்டேனாம். ஒன்றில் அவன் சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கும் இப்போது படுகிறது. மற்ற இரண்டுக்கும் இன்னும் சண்டை நடக்கிறது. மாலையில் மீண்டும் எடுப்பதாகச் சொன்னான், பிள்ளைகள் ரியூசனுக்கு வந்துவிட்டார்களாம்.